மூன்றாம் அத்தியாயத்தில் மின்னல்

மார்ச் 4, செவ்வாய்

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் திரும்பி வந்துவிட்டது, ஓரமெல்லாம் சிவப்பு மை. என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ‘மேற்கோள்’ என்று பெயர் வைத்ததே நான்தான். தண்ணீர் குடித்தேன் என்றாலும் எந்த நூல், எந்தப் பக்கம் என்று கேட்பார். இன்று கேட்டது ஒன்றுதான். “படகுக் கொட்டகைக்குத் தீ வச்சது யாரும்மா? அது இல்லாம இது என்ன மோதல் ஆய்வு?”

எங்கள் ஆற்றங்கரை ஆட்கள் அதைக் கேட்பதில்லை என்றேன். முப்பத்தோரு வருடம் முன்பு, இரு கரைச் சண்டையில் அக்கரைக்காரர்களின் கொட்டகை எரிந்தது. உள்ளே மத்தியானத் தூக்கத்தில் இருந்தவர் செத்துப்போனார். அதன் பிறகு இரு கரையும் உட்கார்ந்து ஒரு வழக்கம் வைத்தார்கள். வருடம் ஒருமுறை நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு கரை ஆள் ஒரு வரி சொல்லி, மறுகரை ஆள் “ஆமா” என்றால்தான் அடுத்த வரி. ஆமா வராத வரி கதையில் கிடையாது. தீ வைத்தவர் யார் என்று இதுவரை எவரும் வரி சொன்னதில்லை. அப்படித்தான் இரு கரைக்கும் நடுவில் படகு ஓடுகிறது.

“பூர்வகுடி அறிவுன்னு தலைப்பு வச்சுட்டு, முக்கியமான இடத்துல ஓட்டை விட்டா எப்படி?”

சுருக்கென்றது. ஐந்து வருட உழைப்பு. மே மாதம் வாய்மொழித் தேர்வு.

மார்ச் 6, வியாழன்

அக்காவுக்குப் போன் போட்டேன். அப்பா போன பிறகு நம் கரைக்குக் கதை சொல்கிறவள் அவள்தான். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யார் தீ வைத்தது என்று கேட்டதும் நின்றது.

“மின்னல். மின்னல்னு எழுதிக்கோ” என்று வைத்துவிட்டாள்.

எழுதிவிட்டேன். அக்கரையின் ஆமா? பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மார்ச் 11, செவ்வாய்

கருத்தரங்கில் வாசித்தேன். நல்ல கைதட்டல். மேற்கோள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே நான்கு பேர் இருப்போம். துறையின் இணையதளத்திலும் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 13, வியாழன்

அக்கரைக்குக் கதை சொல்கிற நர்சம்மா கூப்பிட்டார். செத்தவர் அவருடைய சித்தப்பா.

“எங்க சித்தப்பா சாவுக்கு நீங்களா ஒரு வரி சேர்த்திருக்கீங்களாமே. எங்களை ஒரு வார்த்தை கேக்கலை. அன்னைக்கு வெயில் கொளுத்திச்சு, தெரியுமா? மின்னலாம்.”

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

மார்ச் 14, வெள்ளி

படகு நின்றுவிட்டது. நம் கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அக்கரையில்.

மார்ச் 15, சனி

ஊருக்கு வந்தேன். படகுத்துறையில் நம் ஆட்கள் ஏழு பேர் கம்போடு நிற்கிறார்கள். எதிரே அவர்களும். நடுவில் ஆறு மட்டும்தான்.

அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே பேசினாள். “பெரிய படிப்பு படிச்சவ நீ. நீயே போய் மன்னிப்பு கேளு. நான் வரமாட்டேன்.”

“பொய்னு தெரிஞ்சுதானே சொன்னே?”

“நீ ஏன்டி கேட்டே? முப்பத்தோரு வருஷமா யாரும் கேக்காததை நீ ஏன்டி கேட்டே?”

அவ கேட்டது சரிதானே? கேக்கக் கூடாதுங்கறதுதான் அந்த வழக்கமே. அதைப் பத்தி ஒரு அத்தியாயம் எழுதிட்டு, போன்ல கேட்டிருக்கேன். என்னை மாதிரி மடச்சி உண்டா? — ஆனா அக்கா யாரைக் காப்பாத்தறா? அப்பாவையா?

மார்ச் 17, திங்கள்

அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன்.

“ஒரு வரிக்காகவா? தேர்வு அடுத்த வருஷத்துக்குப் போயிடும்.”

“ஒரு வரிக்காகத்தான் சார்.”

இதற்கு அவர் மேற்கோள் கேட்கவில்லை. இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நர்சம்மாவுக்குச் சொன்னேன். “எடுத்துட்டா ஆச்சா? சனிக்கிழமை வரேன். உங்கக்கா இருக்கணும்” என்றார். அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். மெஷினை இன்னும் வேகமாக ஓட்டினாளாம்.

மார்ச் 22, சனி

காலை பத்து மணி. நர்சம்மா பணிக்குப் போகிற வெள்ளைப் புடவையோடு தனியாகப் படகில் வந்து இறங்கினார். கம்புகள் ஒதுங்கின. நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். என் கண் பாதையிலேயே இருந்தது. அக்கா வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

வழக்கமான வரிகளை எல்லாம் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஆமா வந்தது. கொட்டகை எரிந்த இடம் வந்ததும் நின்றாள்.

“தீ வச்சது எங்கப்பா.”

நர்சம்மா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு “ஆமா” என்றார். தெரிந்தேதான் இத்தனை வருடம் படகு விட்டிருக்கிறார்கள்.

அக்கா அதோடு நிறுத்தவில்லை.

“வீட்டுலேர்ந்து தீப்பெட்டி எடுத்துக் குடுத்தது நான். அப்போ எனக்கு ஒம்பது வயசு.”

நர்சம்மா எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இதுக்கு நான் ஆமா சொல்லமாட்டேன். அடுத்த வரியைச் சொல்லும்மா.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மிச்சத்தைச் சொல்லி முடித்தாள். மத்தியானம் படகு ஓடியது.