கறுப்பு அன்னத்தின் நடுத்தூண்

அக்கா வீடு,
4 நவம்பர் 1953

அன்புள்ள ரெஜ்,

நானும் நம் பெண் பெரிலும் சுகம். கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று ஊரில் சொல்லாதீர்கள். பயந்துபோய்த்தான் வந்தேன்.

நம் மதுவிடுதியின் நடுவில் நிற்கும் தூணை எடுக்க வேண்டாம். பலகையைக் குறிபார்த்து டார்ட்ஸ் அம்பு எறிகிறவர்களுக்கு அது இடைஞ்சல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே அழகாகத் தெரியும் கறுப்பு உத்திரங்களை நம்பாதீர்கள். யாரோ பார்வைக்காக அடித்துவிட்டுப் போன வெறும் பலகைப் பெட்டிகள் அவை. ஒட்டடை அடிக்கும்போது உள்ளே எலி ஓடுவதைக் கேட்டிருக்கிறேன். நானூறு வருட மாடியைத் தாங்குவது அந்த அவலட்சணத் தூண்தான். அதற்கு நேர் மேலே நம் பெண்ணின் கட்டில் கிடக்கிறது.

அன்புடன்,
எனிட்


கறுப்பு அன்னம் மதுவிடுதி, நெதர்கோம்ப்,
13 நவம்பர்

என் கண்ணே எனிட்,

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? நீ எலிச் சத்தத்துக்குப் பயந்து வீட்டை விட்டே போய்விட்டாய்.

டார்ட்ஸ் குழுத் தலைவர் சிரில் என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டார். "அந்தக் கட்டையைச் சுத்தி எறிய எங்க கை என்ன வளைஞ்சா இருக்கு? அறுத்துத் தள்ளுப்பா" என்றார். போன வாரம் அறுத்துவிட்டோம். ஒன்றும் விழவில்லை. சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்ததும் நாங்கள்தான். மாடிக் கதவுகளை மட்டும் சாத்த முடியவில்லை, மழை ஈரம்.

உங்கள் இருவருக்கும் மாடியில் படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிப் பேருந்தில் வந்துவிடு. நீ இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பீப்பாய்களுக்குக் காவலாகக் குதிரை லாயத்தில் படுப்பதால் இருமல் வேறு பிடித்துக்கொண்டது.

உன்,
ரெஜ்


அக்கா வீடு,
16 நவம்பர்

ரெஜ்,

நேற்றுக் கிளம்பத்தான் இருந்தோம். பெரில் காலணிகூடப் போட்டுவிட்டாள். பேருந்து நேரம் பார்க்க உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன்.

நம் பீப்பாய்கள் எல்லாம் நிலவறையில் அல்லவா இருக்கின்றன? லாயத்தில் எதற்குக் காவல்?

கடையை இன்றே மூடுங்கள். குடிக்க வருகிறவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு. வேலை தெரிந்த தச்சரைக் கூப்பிட்டு முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். சிரில் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

'எனக்கும் பயமாக இருக்கிறது' என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால், ஓடி வந்து அந்த லாயத்து வைக்கோலில் உங்கள் பக்கத்திலேயே படுத்திருப்பேன். வீடு நின்றாலும் சரி, விழுந்தாலும் சரி, இனி நாங்கள் வரமாட்டோம். நீங்கள் படுக்கப் பயப்படுகிற அறையில் என் குழந்தைக்குப் படுக்கை விரித்திருக்கிறீர்கள்.

எனிட்