கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே ஒரு செபம்

இன்று காலை டீ நேரத்தில், கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் பிளாஸ்கைத் திறந்தாள். நீங்கள் தினமும் கொண்டுவரும் அதே கருப்பட்டிக் காப்பி வாசனை. தையல் லைன் முழுக்க நீங்கள் வந்து நின்றீர்கள், அக்கா.

தூத்துக்குடிப் பக்கமிருந்து முதலிபாளையத்துக்குப் பிழைக்க வந்தவர் நீங்கள். நான் குண்டடத்துக்காரி. பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து பனியன் தைத்தோம். உங்களுக்கு இயேசு, எனக்கு மாரியாத்தா. நமக்குள் அது ஒரு பேச்சாக வந்ததே இல்லை.

என் மகள் ஏழாம் மாதமே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். "இப்பத்திக்கு எதுவுஞ் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். தலையில் படிந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் வேலையிலிருந்து நேரே ஓடி வந்தீர்கள்.

"சாமி கும்புடக்கூட வாய் வரலீங்கக்கா" என்றேன்.

"வாய் வராட்டா என்னளா? அழு. அதுவும் அவருக்குக் கேக்கும்."

என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சத்தமாகச் செபிக்க, காவலுக்கு இருந்த பெரியவர் வந்துவிட்டார். "ஏனுங்க, ஆஸ்பத்திரிங்க இது. மெதுவாங்க."

"அண்ணாச்சி, பச்சப்பிள்ளைக்காவ நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கலக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த அந்த நொடியில், நெஞ்சுக்குள் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு நான் தனியாக இல்லை.

அதன்பிறகு தினமும் வந்தீர்கள். ஒருநாள் மகள் தானாகவே மூச்சு விடுகிறாள் என்று சொல்லி, நர்ஸ் அவளை என் மார்பில் கிடத்தினார். "ஸ்தோத்திரம்!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. முதல் மிட்டாய் அந்தக் காவல்காரருக்கு.

மாவிளக்கு எடுக்கப் போன அன்று, கோயில் வாசலில் குழந்தையை முத்தமிட்டு என்னிடம் கொடுத்தீர்கள். "நீ உள்ள போய் நன்றி சொல்லிட்டு வா. நான் இங்கனயே நின்னு எங்க ஆளுகிட்ட சொல்லிக்கிடுதேன்."

போன மழைக்காலத்தில் உங்களை அடக்கம் செய்தபோது, முதல் பூவை வைத்தவள் என் மகள்தான். இப்போது பத்தாவது படிக்கிறாள். உங்களைப் போலவே கத்திப் பேசுகிறாள்.

போன வாரம் லைனில் ஓர் ஒடிசாப் பெண், ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று போன் வந்து அழுதுகொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டுப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தன் பாஷையில் வேண்டினாள், நான் தமிழில். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. கேட்கிறவருக்குப் புரியும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அக்கா.