பிளெக்ஸில் என் தலை

ஜூன் 8, ஞாயிறு

போதும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நேற்று மாலை மச்சான் வீட்டில் குடும்பமே டிவி முன்னால். மச்சான் திருமலைசாமி: என் மனைவி வெங்கடலட்சுமியின் அண்ணன், காந்திபுரத்தில் குழந்தைகள் துணிக்கடை முதலாளி, என் குற்றவாளிப் பட்டியலில் நிரந்தர முதலிடம். அவருடைய பேத்தி அக்ஷிதா உள்ளூர் சேனலின் 'சிட்டு மேடை' நடனப் போட்டியில் ஆடினாள். ஒன்பது வயது. பாட்டு பெரியவர்களுடையது. முகப்பூச்சும் பெரியவர்களுடையது. ஆடி முடித்ததும் தொகுப்பாளன் மைக்கை நீட்டி, "உன்ற ஆளு யாரு கண்ணு?" என்றான். நடுவர் விசிலடித்தார். பிள்ளை ஒன்றும் புரியாமல் சிரித்தது. வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் திரையின் அடியில் மச்சான் கடையின் விளம்பர வாசகம் ஓடியது. 'குழந்தை குழந்தையாகவே அழகு.'

அந்த வரி நான் எழுதியது. கடை திறந்தபோது எழுதிக் கொடுத்தேன். விழா மேடையில் "எங்க பசங்க யோசிச்சதுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாலையை வாங்கிக்கொண்டார். இன்றுவரை கடைப் பை ஒவ்வொன்றிலும் இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை.

நேற்று நான் என்ன செய்தேன்? இன்னொரு டம்ளர் பாயசம் வாங்கிக் குடித்தேன்.

ஆனால் இன்று காலையிலிருந்து ஒரே துள்ளல். இத்தனை வருடம் அந்த மனிதரை வெறுக்க என்னிடம் இருந்ததெல்லாம் சில்லறைக் காரணங்கள். என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார், கல்லூரியில் எனக்குத் துறைத்தலைவர் பதவி வராதபோது "விடுங்க மாப்ள, உங்களுக்குக் கோபம் ஜாஸ்தி" என்றார் — இப்படி. இப்போது முதல்தரமான காரணம் கிடைத்திருக்கிறது! இணையத்தில், எங்கள் ஊர்க்குழுவில் எழுதப் போகிறேன். முழுப் பெயரோடு. எம்.ஏ., எம்.ஃபில். சேர்த்து.

ஜூன் 9

ஒன்பது பக்கம் வந்துவிட்டது. இன்னும் மச்சானின் மீசைக்கே வரவில்லை.

ஜூன் 11, புதன்

யாரோ 'சிட்டு மேடை'யின் அந்தத் துண்டை மட்டும் வெட்டி இணையத்தில் விட்டிருக்கிறார்கள். ஊரே கொதிக்கிறது. மாதர் அமைப்பு கலெக்டரிடம் மனுக் கொடுத்திருக்கிறது. டிவி விவாதத்தில் சாஜிதா பேகம் என்ற வழக்கறிஞர் நன்றாகப் பேசினார். "பிள்ளை ஆடறது தப்பே இல்லை. யாரோட ரசனைக்காக அவளை அப்படி ஆட வெக்கறீங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க." அவர் பேசப் பேச, பக்கத்துப் பெட்டியில் அதே துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டிக்கிறார்களா, காட்டுகிறார்களா?

என் பதிவில் வைப்பதற்கென்று அதிலிருந்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

மத்தியானம் மச்சானிடமிருந்து போன்.

"மாப்ள, நம்ம குடும்பத்துல படிச்சவரு நீங்கதானுங்க. நம்ம தரப்புல நறுக்குன்னு ஒரு விளக்கம் எழுதித் தாங்க. அந்தக் காலத்துல எழுதித் தந்தீங்கல்ல, அந்த மாதிரி."

எப்படி இருக்கிறது! என்னிடமே! "யோசிச்சுச் சொல்றனுங்க மச்சான்" என்று வைத்துவிட்டு அறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் சிரித்தேன். வெங்கடலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, புது மாப்பிள்ளையாட்டம் தனியாச் சிரிச்சுட்டுத் திரியறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லைங்களா?"

ஜூன் 14, சனி

எழுதவே கை கூசுகிறது.

காலையில் பால் வாங்கப் போனேன். பெரியநாயக்கன்பாளையம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு மாடி உயரத்துக்குப் பிளெக்ஸ். அந்த மேடை ஒப்பனையோடு அக்ஷிதா. 'இறுதிச் சுற்றுக்கு முன்னேறிய எங்கள் வீட்டு நட்சத்திரமே!' கீழே 'வாழ்த்தி மகிழும் அன்பு உள்ளங்கள்' என்று வரிசையாகத் தலைகள். நட்டநடுவில், மச்சான் தலையைவிடவும் பெரிதாக — என் தலை. ஏதோ கல்யாணத்தில் சாப்பிட்டு முடித்துச் சிரித்தபோது எடுத்தது. 'பேராசிரியர்' என்று அடைமொழி வேறு.

பால்காரர் சொன்னார்: "படத்துல ஜம்முன்னு இருக்கறீங்க சார்."

அபிலாஷுக்குப் போன் போட்டேன். மச்சானின் மருமகன், அக்ஷிதாவின் அப்பா. பிளெக்ஸ் வேலை எல்லாம் அவன் பொறுப்பு.

"யாரைக் கேட்டுடா என் தலைய வெச்சே?"

"மாமா, கடை ரெண்டாவது மாடி தொறந்தப்ப வெச்ச பிளெக்ஸ்ல உங்க தலைய உட்டுப்போட்டோம். அதுக்கு நீங்க மூணு வருசம் எங்கூட்டு விசேஷத்துக்கே வரலை. அத்தை தீபாவளிக்குத் தனியா வந்தாங்க. அதான் இந்தத் தடவை மொதல்ல உங்க தலைய ஒட்டிட்டுத்தான் மத்தவங்கள ஒட்டச் சொன்னேன். இதுக்கும் கோபமுங்களா?"

போனை வைத்துவிட்டேன். சண்டை போட்டு வாங்கிய இடம் அது.

நான் கண்டித்து எழுதியதற்கு அடியில் எவனாவது இந்தப் பிளெக்ஸைப் போட்டோ எடுத்துப் போட்டால்? நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. நடுரோட்டில், பால் தூக்கோடு. என்னைப் பார்த்து நானே சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று?

ஜூன் 17, செவ்வாய்

சிரிப்பு நின்றுவிட்டது.

மேக்னா வந்திருந்தாள், அக்ஷிதாவைக் கூட்டிக்கொண்டு. மேக்னா, மச்சானின் மகள். பள்ளி வேனில் பையன்கள் பிள்ளையிடம் அந்தத் தொகுப்பாளன் கேட்டதையே கேட்கிறார்களாம். நேற்றிலிருந்து வேனில் ஏற மாட்டேன் என்கிறாள்.

பிள்ளை என் மேசைக்கு அருகில் வந்து நின்றது. "தாத்தா, அந்தப் பாட்டுல கெட்ட வார்த்தை ஏதாச்சும் இருக்குதா? எல்லாரும் ஒரு மாதிரி சிரிக்கறாங்க. நான் ஸ்டெப் ஒண்ணுகூட தப்பா போடல."

"இல்ல அம்மணி. உன்மேல ஒரு தப்பும் இல்ல. பெரியவங்க தப்பு அது."

"அப்ப ஏன் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க?"

தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வளவு படித்திருக்கிறேன். அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பிள்ளையை வெங்கடலட்சுமியோடு சமையலறைக்கு அனுப்பிவிட்டு மேக்னா அழுதாள். "மாமா, ஃபைனலுக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்ல. இப்ப நிறுத்துனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு அப்பா பிடிவாதமா இருக்கறாரு. அவர் உங்க பேச்சக் கேப்பாரா?"

"என் பேச்சையா? நல்லா கேட்டே."

"நீங்க ஏதோ எழுதறீங்கன்னு அத்தை சொன்னாங்க. எழுதுங்க மாமா, வேண்டாங்கல. ஆனா உங்க பேரு போட்டா, இவரு யாரு, இவருக்கு என்ன ஒறவுன்னு தேடி நேரா எங்கூட்டுக்கு வந்துருவாங்க. நெட்டுல இன்னும் அவ யாரூட்டுப் புள்ளைன்னு தெரியாதுங்க மாமா."

அவர்கள் போன பிறகு ஒன்பது பக்கத்தையும் படித்துப் பார்த்தேன். மச்சான் பெயர் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. பிள்ளை ஒரே ஒரு பத்தியில்.

ஜூன் 19, வியாழன்

கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் மச்சான்.

"வாங்க மாப்ள. விளக்கம் எழுதிட்டீங்களா?"

"எழுத மாட்டனுங்க மச்சான். விளக்கம் சொல்ற விஷயமில்ல இது."

"என்னங்க நீங்களும்? குழந்தை ஆடுனா அழகுதானுங்க. பாக்கறவன் கண்ணுல அழுக்கு இருந்தா நாம என்ன பண்றது?"

"அந்தக் கண்ணுக்காகத்தானுங்க அத்தனை மேக்கப்பும் போட்டு உட்டாங்க. நம்ம புள்ள வேன்ல ஏற மாட்டேங்குது. தெரியுமுங்களா?"

தெரியவில்லை. முகத்தில் தெரிந்தது. வேன் விஷயத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் ஒரு கடைப் பையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல என்ன போட்டிருக்குதுன்னு படிங்க."

எடுத்தார். கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. "படிக்கோணுமா? நீங்க எழுதுனதுதானே. இருபது வருசமா கடைய இதுதான் ஓட்டுது" என்றார், சாதாரணமாக.

நீங்க எழுதினது! வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேர் இருக்கும்போதே சொன்னார். அவருக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. காந்திபுரத்திலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன். நின்றது மாதிரியே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் அபிலாஷும் நானும் பிளெக்ஸைக் கழற்றினோம். வேன் விஷயம் கேட்டபின் இறக்கச் சொன்னதே மச்சான்தான்; தானே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல புள்ள படத்தச் சுருட்டுங்க, யாரும் போட்டோ எடுத்துப்போடாம" என்று கீழிருந்து சத்தம். என் தலை மட்டும் மூங்கில் சட்டத்தில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கிழித்துத்தான் எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற பால்காரர், "என்னங்க சார், அதுக்குள்ள எறக்கீட்டீங்க?" என்றார்.

ஜூன் 28, சனி

இறுதிச் சுற்று இன்று. அக்ஷிதா போகவில்லை. கடை விளம்பரத்தையும் மச்சான் நிறுத்திவிட்டார். சேனல்காரர்கள் கேட்டதற்குக் காரணம் சொல்லவில்லையாம். அவள் இல்லாவிட்டாலும் மற்ற பிள்ளைகள் அதே மேடையில்தான் ஆடினார்கள். அதே தொகுப்பாளன். அதே விசில்.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் அக்ஷிதாவும் ஆடினாள். பாட்டு இல்லை, சமையலறையில் மிக்ஸி ஓடும் சத்தத்துக்கு. அவளே கண்டுபிடித்த ஆட்டம். தவளை மாதிரி தாவி, நாற்காலியில் இடித்துக்கொண்டு, "தாத்தா, இது என்ன ஸ்டெப்புன்னு சொல்லுங்க பாக்கலாம்?" என்றாள். தெரியவில்லை என்றேன். "எனக்கும் தெரியல!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். திங்கள்கிழமை வேனில் போகிறாளாம். அபிலாஷ் வேன்காரரிடம் பேசிவிட்டு வந்திருக்கிறான்.

பதிவை வெட்டிச் சுருக்கி முடித்துவிட்டேன். மச்சான் போனார், பந்தி போயிற்று, துறைத்தலைவர் பதவி போயிற்று, பட்டங்கள் போயின. பிள்ளையின் பெயர் இல்லை, படம் இல்லை. ஒரு பக்கம் மிஞ்சியது: பிள்ளைகளை யார் பார்ப்பதற்காக அப்படி நிறுத்துகிறோம், பார்த்துக் கைதட்டிய நாம் யார், பாயசம் குடித்தவன் உட்பட.

ஊர்க்குழுவில் பெயர் மறைத்துப் போடும் வசதி இருக்கிறது. அதைத் தொட்டபோது வெங்கடலட்சுமி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பேரு போடலைங்களா? பின்னால, என் பேர உட்டுப்போட்டாங்கன்னு என்கிட்ட மூணு வருசம் பேசாம இருக்கப் போறீங்க."

"இந்தத் தடவை நானே உட்டுப்போட்டேன்" என்றேன்.