மூலைக் கப்பல்

மார்ச் 3, 1986
ஆபீஸ் போனேன். வந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, அவர் எழுதிய 'விண்வெளிச் சண்டை' விளையாட்டு கம்ப்யூட்டரில் ஏறக் காத்திருந்தேன். முதலில் கொஞ்ச நேரம் திரையில் ஒன்றுமே வராது. பிறகு கோடுகள் ஓடும். அப்புறம்தான் பச்சை நண்டுகள் இறங்கும் — வேற்றுக்கிரகத்தாராம். என் விண்கலம் அசல் இஸ்திரிப் பெட்டி. மனுஷனுக்குப் படம் வரையவே வராது.
'வராது'? 'வந்ததில்லை' என்று எழுத வேண்டுமோ?

மார்ச் 5
தங்கை போன். "ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுக்கா. உள்ளயே வெச்சுக்காதே."
அவர் போய் இரண்டு மாதமாகிறது. எல்லாருக்கும் என் அழுகைமேல்தான் கண். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வைத்துக்கொள்ள? பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறேன்.

மார்ச் 6
எதிரியின் இடது மூலைக் கப்பல் இன்றும் சாகவில்லை. எத்தனை சுட்டாலும் சாகாது. புரோகிராம் எழுதும்போது அவர் செய்த தப்பு. "நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தார்.

மார்ச் 9
விளையாட்டு ஏறவில்லை. பாதியில் நின்று நின்று போகிறது. கேசட் தேய்ந்துவிட்டதா? இருப்பது இந்த ஒன்றுதான். இதுவும் போனால் சாயங்காலம் நான் என்னதான் செய்வது?

மார்ச் 12
கொழுந்தன் வந்தார். ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர். "டேப் இழுக்குதான்னு காதால கேட்டாத்தான் தெரியும் அண்ணி" என்று டேப் ரெக்கார்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கினார். அது செருகியிருந்தால் ஸ்பீக்கர் ஊமை. இதுவரை அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டர் மட்டும்தான் கேட்டிருக்கிறது.
ஓடவிட்டார். கரகரப்பு. பிறகு அவர் குரல்.
"விண்வெளிச் சண்டை, மூணாவது பதிவு. மூலைக் கப்பல் இன்னும் சாகலை."
தூரத்தில் எரிந்துவிழும் ஒரு பெண்குரல். நான்தான். "சாப்பிட வர்றீங்களா, எடுத்து மூடிடட்டுமா?"
"இதோ வந்துட்டேம்மா. ரெண்டே நிமிஷம்."
அப்புறம் கீச்சென்று விளையாட்டின் இரைச்சல். திரையில் ஒன்றுமே வராத அந்தக் கொஞ்ச நேரம் இதுதான்.
கொழுந்தன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "டேப் தேஞ்சுதான் போச்சு. வேற கேசட்ல காப்பி எடுத்துடறேன். பேச்சை விட்டுட்டு எடுக்கட்டுமா அண்ணி?"
"விளையாட்டு வராட்டியும் பரவாயில்லை தம்பி. பேச்சு வரணும்."

மார்ச் 13
ஆபீஸ் போகவில்லை. ராத்திரி அழுத அழுகையில் முகம் வீங்கிக் கிடக்கிறது.
மத்தியானம் வயரைச் செருகாமல் புதுக் கேசட்டை ஓடவிட்டேன். "ரெண்டே நிமிஷம்" என்றார். என் தட்டில் சாப்பிட்டேன். அவர் தட்டை எடுத்து மூடிவைத்தேன்.