முடிச்சு போடாத தையல்

மார்ச் 4

ஜன்னல் விளிம்பில் அரிசி நொய்யும் தட்டில் தண்ணீரும் வைத்தேன். முதலில் மைனாக்கள், வந்ததும் சண்டை. அவை போன பிறகுதான் சிட்டுக்குருவிகளுக்கு இடம் கிடைத்தது. பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். இங்கே நானும் மெஷினும் இந்தக் கூட்டமும்தான்.

மார்ச் 7

நொய்யைத் திரும்பியும் பார்க்காத ஒன்று இன்று வந்தது. கட்டைவிரல் அளவு, பச்சை முதுகு, செம்மை ஏறிய தலை, தூக்கிய வால். தையல்சிட்டு. விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளை நூல் துணுக்கைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. இத்தனை நாள் பந்தி போடுகிறேன், இதற்கு வேண்டியது என் குப்பை!

மார்ச் 8

ஒரு சீருடைகூட முடியவில்லை. எப்படி முடியும்? ஜன்னலை ஒட்டி நிற்கும் அத்தியில் அது இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைக்கிறது. நிஜமாகவே தைக்கிறது. அலகால் ஓரத்தில் துளை போட்டு, நூலை நுழைத்து, அடுத்த இலையில் வாங்கி இழுக்கிறது. முடிச்சு போடவில்லை. பிறகு எப்படி நிற்கிறது?

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வெளியே வந்த நுனி பஞ்சாக விரிந்து அதுவே பிடித்துக்கொள்கிறது. இலை கிழியவில்லை. மெல்லிய பட்டில் ஊசி போடும்போது எனக்கு இன்றைக்கும் கை உதறும். இதற்கு யார் அளவு எடுத்துக் கொடுத்தது?

மார்ச் 9

விளிம்பில் நல்ல நூலாகவே வைத்தேன். சிவப்பு பாலியஸ்டர், நீளநீளமாக. இழுத்தாலும் அறாது. ஒரு தையல்காரி இன்னொருத்திக்குச் செய்யும் மரியாதை.

மார்ச் 11

என் சிவப்பு நூல் தையலுக்கு நிற்கவில்லை, நழுவிவிட்டது. அதைக் கூட்டுக்குள் மெத்தையாகத் திணித்துக்கொண்டது. தைப்பதற்குப் பருத்தி நூலைத்தான் பொறுக்கி எடுக்கிறது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 21

முட்டையிட்டு அடைகாக்கிறாள். (எப்போது ‘அவள்’ ஆனாள் என்று எனக்கே தெரியவில்லை.)

ஒரு விசித்திரம். நான் தைக்கும்வரை அசையாமல் இருக்கிறாள். மெஷினை நிறுத்தினால் விருட்டென்று பறந்துவிடுகிறாள். கூடு கட்டியதே இந்தச் சத்தத்தில்தானே! சத்தம் நின்றால்தான் அவளுக்கு ஏதோ ஆபத்து.

நேற்று வீடு திரும்பிய அவரிடம் சொன்னேன். “நானும் உன் மெஷின் சத்தத்துலதான தூங்குறேன்” என்றார்.

“நீங்க எதுலதான் தூங்கல?”

மார்ச் 29

குஞ்சுகள். மூன்று வாய்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான் வளரும்போல.

ஏப்ரல் 10

இரவுதான் எழுத உட்கார முடிந்தது.

காலையில் இரண்டு குஞ்சுகள் பறந்து கிளைக்குப் போய்விட்டன. மூன்றாவது கூட்டுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கியது. காலில் சிவப்பு நூல். என் நூல். அறாத நூல்னு பெருமையா வச்சேனே — பாவி, என்ன பண்ணி வச்சிருக்கேன்.

தையலை விட்டு ஓடினேன். கிட்டே போனதும் தாய் கத்தினாள், குஞ்சு உதறியது. உதற உதற நூல் இறுகியது. பின்வாங்கினேன். மெஷின் நின்றுவிட்டதே! லோடு இல்லாமல் வீட்டிலிருந்த அவரைக் கூப்பிட்டேன்.

“உக்காந்து மிதிங்க. நிறுத்தக்கூடாது.”

“எனக்கு என்ன தெரியும்?”

“லாரி ஓட்டத் தெரியுதுல்ல?”

மிதித்தார். சக்கரம் பின்னால் சுற்றி, கடகடவென்று நின்றது. மறுபடியும் பின்னால். “ரிவர்ஸ்லயே போகுது” என்றார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. “கையால சக்கரத்த உங்க பக்கமா தள்ளிவிட்டு மிதிங்க. மெதுவா. மேடு ஏறல நீங்க.” மூன்றாவது முறை ஓடியது. தடக் தடக் என்று, முழுக்க என்னுடைய சத்தம் இல்லைதான். ஆனாலும் தாய் கத்துவதை நிறுத்திவிட்டு அடுத்த கிளையில் உட்கார்ந்தாள்.

முக்காலியில் ஏறிக் குஞ்சை உள்ளங்கையில் ஏந்தினேன். கனமே இல்லை, துடிப்பு மட்டும்தான் இருந்தது. நூல் தோலில் பதிந்து கால் வீங்கியிருந்தது. சின்னக் கத்தரியின் நுனியை நூலுக்கும் தோலுக்கும் நடுவே மெல்ல நுழைத்து அழுத்தினேன். அறுந்தது. கூட்டுக்குள் வைத்துவிட்டு இறங்கினேன். அவர் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார், சட்டை முழுக்க வேர்வை.

ஏப்ரல் 11

கூட்டிலேயே இருக்கிறது. அந்தக் கால் மடங்கியே இருக்கிறது. தாய் புழு கொண்டுவந்து ஊட்டுகிறாள், மற்ற இரண்டையும் கவனித்துக்கொண்டே. நான் விடாமல் தைக்கிறேன். பிழைக்குமா?

ஏப்ரல் 12

கூடு காலி. மரத்தடியில், செடிக்குள், வேலியோரம் எல்லாம் தேடினேன். பூனை தூக்கியிருக்குமோ? ஒரு இறகும் கிடக்கவில்லை.

“பறந்திருக்கும்” என்றார்.

“ஒத்தக் கால வச்சுக்கிட்டா?”

“பறக்குறது றெக்கையாலதான.”

மறுபடியும் வேலியோரம் தேடப் போனேன்.

ஏப்ரல் 13

பாலியஸ்டர் துணுக்குகளை டப்பாவில் போட்டு மூடினேன். விளிம்பில் இனி நொய்யும் தண்ணீரும் பஞ்சும் மட்டும்.

மே 6

மைனாக்கள். சண்டை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 2

சீருடைகளெல்லாம் போய்விட்டன. கடைசிச் சட்டையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்த பிறகு, ஒரு தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். விளிம்பில் ஒரு தையல்சிட்டு. தலையில் செம்மை இன்னும் ஏறாத இளசு. நொய்க்கும் வரவில்லை, பஞ்சுக்கும் வரவில்லை. சும்மா நின்றது. ஒரு காலில்தான் நின்றது. இன்னொரு காலின் விரல்கள் விரியவே இல்லை.

அசையாமல் பார்த்துக்கொண்டிருந்ததில் மிதிக்க மறந்துவிட்டேன். மெஷின் நின்றது. அது சட்டென்று நிமிர்ந்து, பறக்கத் தயாராகி, என்னைப் பார்த்தது.

மிதித்தேன். அடங்கி உட்கார்ந்து இறகு கோதத் தொடங்கியது.

உறை முடிந்தது, நூலும் தீர்ந்தது. வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்து எட்டிப் பார்த்தார். வெற்று மெஷினைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கால் வலிச்சா சொல்லு” என்றார். “நான் மிதிக்கிறேன்.”