கழற்றிக் காட்டிய புஷ்

டிச. 3, செவ்வாய்

காலையிலிருந்து பனிமூட்டம். பங்களா கராஜில் நானும் லேத்தும். மேஜை மேல் வைத்து இரும்பு, பித்தளை கடைகிற சின்ன மெஷின். பங்களாக்காரர் ஏற்காட்டைக் காலி செய்தபோது வாட்ச்மேனான அப்பாவிடம் விட்டுப்போனது. நான் பாலிடெக்னிக்கை விட்டு நாலு மாதம். அப்பா இன்று: "உருப்படியா ஒரு சாமான் கடைஞ்சு காட்டு. இல்லீன்னா கிறிஸ்மஸ் முடிஞ்சதும் இதை வித்துப்போட்டு உன்னை மறுபடி சேலத்துக்கே தொரத்திருவேன்."

கடைந்தது: ஒரு போல்ட் (கோணல்). ஒரு அலுமினியக் குச்சி (உடைந்தது).
பேசியது: நாயோடு கொஞ்சம்.

டிச. 5, வியாழன்

காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் பெருமாள் வந்தார். கையில் பித்தளை ராடு. காப்பிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்ப்பர் மெஷினில், தண்டைத் தாங்குகிற பித்தளை வளையமான புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறதாம்.

"சேலத்துப் பட்டறைல திங்கக்கெழமைதான் ஆகுமுங்கறான் கண்ணு. எங்களுக்கு சனிக்கெழமை பறிப்பு. அன்னிக்கே ஓட்டலீன்னா பழமெல்லாம் புளிச்சு நாறிப்போயிரும். உன்னால ஆகுமா?"

"ஆகுமுங்க."

வாயில் வந்துவிட்டது. ராடு இரண்டு புஷ்ஷுக்குத்தான் வரும்.

டிச. 6, வெள்ளி

வெளிப்பக்கம் முடிந்தது. பளபள. நடுவில் ஓட்டை பாக்கி. லேத்தோடு வந்த புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: துண்டைக் கவ்விச் சுழற்றுகிற சக்கின் ஒரே பிடியில் வெளிப்பக்கம், ஓட்டை இரண்டையும் முடி, இடையில் கழற்றாதே. தெரியும். ஆனால் ரைட்டர் ரோட்டில் போனார். கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அட, கண்ணாடியாட்ட மின்னுது! நொம்ப ஜோரு சாமி."

ஐந்து நிமிஷம் நின்றார். மழை, அவர் மகளுக்குக் கணக்கு வராதது, குப்பனூர் பஸ். நானும் நிறையப் பேசினேன்.

திரும்ப மாட்டித் துளைத்தேன். ஓட்டை நடுவில் இல்லை. ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் தகடு. குப்பை. எல்லாம் ஒரு ஆள் ஜோரு என்று சொல்வதற்காக.

டிச. 7, சனி

கராஜ் கதவுக்கு உள்தாழ். கடைசித் துண்டு.

அப்பா தட்டினார். "டேய், சோறு ஆறுது."

"அப்பறம்."

"கதவைச் சாத்திக்கிட்டு என்னடா, கள்ளநோட்டா அடிக்கறே?"

திறக்கவில்லை. வெளிப்பக்கம், ஓட்டை, ஒரே பிடி. மூன்று மணிக்குக் கழற்றினேன்.

பல்ப்பர் ஷெட். ரைட்டர் மரச்சுத்தியால் தட்டி இறக்கினார். தண்டு நுழைந்தது. ஆடவில்லை. பெல்ட்டை மாட்டி ஓட்டினார்கள். சிவப்புத் தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். பறிக்கிற பெண்கள் கூடை கூடையாகக் கொட்டினார்கள். ஒரே இரைச்சல், சிரிப்பு.

"யாருடி இது, மெசினையே மொறைச்சுக்கிட்டு நிக்குது?"

"வாட்ச்மேன் மவன். பேசமாட்டானாட்ட இருக்குது."

அப்பா எட்டிப் பார்த்தார். "சரி, லேத்து இருந்துட்டுப் போகுது." போய்விட்டார்.

நான் போகவில்லை. கராஜில் நாய் மட்டும்தான்.

"இன்னும் என்ன கண்ணு, ஊட்டுக்குப் போலாமில்ல?" ரைட்டர்.

"நல்லா ஓடுதான்னு பாத்துட்டு இருக்கறனுங்க."

ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.