ஆறாம் அறை வாசலில் மேனேஜர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தை மிச்சம் பிடிக்காமல் தேயுங்கள்.

இந்த ஏழு அறை விடுதியில் நிரந்தரமாக இருப்பது நானும் நாயும்தான். வருகிற ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவான். அதனால் எல்லோரும் அவனை மேனேஜர் என்கிறார்கள். வேலை எனக்கு, பதவி அவனுக்கு. என் தட்டில் பாதியும் அவனுக்கு.

போன வாரம் ஒருநாள் முழுக்க அவன் ஆறாம் அறை வாசலை விட்டு நகரவில்லை. அங்கே தனியாகத் தங்கியிருந்த பெரியவர் பிஸ்கட் போட்டுப் பழக்கிவிட்டார் என்று நினைத்து, "வெக்கங்கெட்டவனே, வாடா" என்று இரண்டு தடவை இழுத்து வந்தேன். மறுநாள்தான் கதவைத் திறந்தேன். வந்து பார்த்த டாக்டர், "நேத்தே தெறந்திருந்தா பொழைச்சிருப்பாரும்மா" என்றார்.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. அறையைக் கழுவி, மெத்தையையும் மாற்றியாகிவிட்டது. பெரியவரின் போனில் ஒரு மிஸ்டு கால்கூட இல்லை அப்பா.

ஒரு சின்ன உதவி. தினமும் காலையில் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பேச வேண்டாம், நானும் திருப்பி ஒரு ரிங் விடுகிறேன். வராவிட்டால் பக்கத்துக் கடைச் சலவைக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மேனேஜருக்கு அவரைப் பிடிக்கும்.

கீழே யாரோ அறை கேட்டு வந்திருக்கிறார்கள், முடிக்கிறேன். எனக்கு லேசான காய்ச்சல்தான். மேனேஜர் நேற்றிலிருந்து என் அறை வாசலில் படுத்திருக்கிறான். இந்தத் தடவை நான் அவனை இழுக்கவில்லை.

உங்கள் மகள்